மாக்கோழியும் சனிக்கிழமை ஆட்டமும்

ஏழு வியசனங்கள் யாவை என்று கேட்டால், நம் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார்கள். சூது, ஊன், கள், கணிகையர் உறவு, வேட்டை, களவு, பிறன்மனை நயத்தல் என்னும் அவ்வரிசையில் சூது ஏன் முதலில் நிற்கிறது என்று வினவினால், மற்ற ஆறுக்கும் அதுவே வாயில் என்று பெரியோர் விடை கூறுவர். வகுப்பறையில் நின்ற காலமெல்லாம் நாமும் அவ்விடையையே கூறி வந்தோம். அதற்கப்பால் ஒரு வினா எழக்கூடும் என்று எண்ணியதில்லை. பணயம் இல்லை, காய் இல்லை, எதிரே அமர்ந்து ஏமாறுபவனும் இல்லை. ஆயினும் வாரம் முழுவதும் வெற்றி தோல்வியையே மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கச் செய்யும் ஓர் ஆட்டம் இருக்குமானால், அதனை எப்பட்டியலில் சேர்ப்பது? 2024ஆம் ஆண்டு செப்டம்பர் தொடங்கி மூன்று மாதம் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இவ்வினா நம்மை வந்து பற்றிக்கொண்டது. இன்றளவும் அது முற்றும் விட்டபாடில்லை.

கொலம்பஸ் நகரத்தின் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம் 1922இல் திறக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமர்ந்து காணத் தக்கது. ஆட்டம் உள்ள நாளில் ஊர் முழுவதும் செந்நிறச் சட்டை அணிந்து அத்திசை நோக்கி நடக்கிறது. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் கூடக் காணாத கூட்டம். நடுப்பகலில் தொடங்கும் ஆட்டங்கள் மேற்குக் கரையின் கடைசி ஆட்டம் முடிய நள்ளிரவையும் தாண்டிச் செல்லும். நாம் சூரிய அஸ்தமனத்திற்குள் உணவை முடித்துக்கொண்டு கூடத்திற்கு வந்து அமர்ந்தால், மகள் வயிற்றுப் பேரன் தொலைக்காட்சியில் ஒரு கண்ணும் கைபேசியில் ஒரு கண்ணுமாக அமர்ந்திருப்பான்.

அந்நாட்டார் கால்பந்து என்பது நம் பிள்ளைகள் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. இரு முனையும் கூர்ந்த தோற்பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், தொலைவில் ஓடுகிற தோழனுக்கு எறிவதும், ஏந்தியவனை எதிரணியினர் மோதித் தரையில் வீழ்த்துவதுமே ஆட்டம். (அப்பந்து பதனிட்ட மாட்டுத் தோலால் ஆனது என்பதனால் பேரன் அதனை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. இவ்வளவு நினைவு அவனுக்கு இருப்பது பற்றி நமக்கு மகிழ்ச்சியே.) நூறு கெஜக் களத்தில் நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிட்டும். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் அது 'டச்டவுன்' எனப்படும், ஆறு புள்ளி.

இது உண்மையான ஆட்டம். பேரன் ஆடுவது இதன்மேல் கட்டிய இன்னோர் ஆட்டம். 'ஃபேண்டஸி ஃபுட்பால்' என்பது அதன் பெயர்; கற்பனைக் கால்பந்து எனலாம். ஓக்லண்ட் நகரத்து அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் வின்கன்பாக் என்பவர் 1962இல் நியூயார்க்கில் ஒரு விடுதி அறையில் நண்பர்களுடன் அமர்ந்து வகுத்தது. அவர் வகுத்தது தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து. பேரனும் நண்பர்களும் ஆடுவது கல்லூரி மாணவர்களை வைத்து. பத்து நண்பர்கள் ஆகஸ்ட் மாதத்தில் கூடி, ஒருவர்பின் ஒருவராக, உண்மையான மாணவ ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தம் பட்டியலில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எடுத்த பெயரை மற்றவர் எடுத்தல் ஆகாது. பின்னர் வாரந்தோறும் ஒருவர் மற்றொருவரோடு மோத வேண்டும். சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன், தம் பட்டியலில் உள்ளவருள் எவரெவரை அவ்வாரம் 'இறக்குவது', எவரை 'உட்கார வைப்பது' என்று முடிவு செய்து எழுதிவிட வேண்டும். பந்தை எறிபவன் ஒருவன், ஏந்தி ஓடுபவர் இருவர், எறிந்ததைப் பிடிப்பவர் மூவர் என்றாற்போல் இடங்கள் உண்டு. களத்தில் அம்மாணவன் பத்துக் கெஜம் ஓடினால் பட்டியல்காரனுக்கு ஒரு புள்ளி. ஓடியோ பிடித்தோ எல்லையைத் தொட்டால் ஆறு. எறிந்து தொடச் செய்தால் நான்கு. பந்தை எதிரியிடம் பறிகொடுத்தால் இரண்டு குறையும். தன் அணி வென்றதா தோற்றதா என்பது பற்றிக் கேள்வியே இல்லை.

இதில் அறிவு வேலை செய்வதை நாம் மறுக்கவில்லை. 2024இல் அந்நாட்டின் முதல்நிலைப் பிரிவில் 134 பல்கலைக்கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றிலும் எண்பது, நூறு இளைஞர்கள். இவர்களுள் எவன் இவ்வாரம் மிகுதியாக ஓடுவான் என்று கணிப்பதற்குப் பேரன் புதன்கிழமையே தொடங்கிவிடுவான். எதிரணியின் தடுப்பு எவ்வளவு மெலிந்தது, காற்று வீசுமா, மழையுண்டா, சென்ற வாரம் கணுக்கால் சுளுக்கியவன் பயிற்சிக்கு வந்தானா என்றெல்லாம் ஆராய்வான். செப்டம்பர் மாதத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய கல்லூரிகளுக்குப் பல லட்சம் டாலர், சில வேளை பத்து லட்சத்துக்கு மேலும், கொடுத்து வரவழைத்து அவர்களைத் தோற்கடிக்கும். அச்சிறிய கல்லூரிகள் அப்பணத்தைக் கொண்டு தம் விளையாட்டுத் துறையை நடத்திக்கொள்ளும். பட்டியல்காரர்களுக்கு அவ்வாரங்கள் அறுவடைக் காலம். எங்கே மெலியார் வலியாரிடம் சிக்குகிறாரோ அங்கே தன் ஆள் இருக்க வேண்டும் என்பதே வாரத் தேர்வின் முதற் சூத்திரம். இதனைப் பேரன் விளக்கியபோது அவன் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. மழை வரும் திசை பார்த்து விதைப்பவன் முகம் போலவே இருந்தது.

சூதாடாதே என்று நாம் முதல் வாரமே சொல்லிவிட்டோம். அவன் சிரிக்கவில்லை, மரியாதையாகவே மறுத்தான். ஒரு காசும் கட்டவில்லை, கடைசி இடம் பெறுபவர் மற்றவர்க்கு ஒரு விருந்து வைக்க வேண்டும், அவ்வளவே என்றான். அன்றியும் இது திறமையாட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் அன்று என்றான். அவன் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க 2006இல் இயற்றிய சட்டத்தில், ஆடுபவரின் அறிவும் திறமையும் வெளிப்படுகிற கற்பனை ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் இவ்வழக்கு பழையதே. சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில் அது திறமையாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் கட்டி இணையத்தில் ஆடுவதைத் தடுத்துவிட்டது. ஆயின் நீதிமன்றம் பார்ப்பது பணப்பையை. சிராவகன் பார்க்க வேண்டியது வேறு. திறமையாகக் களவு செய்பவனை எவரும் களவனல்லன் என்று சொல்வதில்லை. திறமை என்னும் வாதத்தை நாம் அப்பொழுதே ஒதுக்கிவிட்டோம். பணம் இல்லை என்னும் வாதத்தைத்தான் ஒதுக்க முடியவில்லை.

அன்றிரவு அவனுக்கு யசோதரன் கதையைச் சொன்னோம். நம் வாசகர்க்கு அக்கதையை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. உயிர்ப்பலி செய்ய உடன்படாத அரசன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினால் கோழி ஒன்று செய்து தேவிக்குப் பலியிட்டான். ஓர் உயிரும் போகவில்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு வாளை ஓங்கிய அவ்வொரு கணம், மகனை மயிலாகவும் தாயை நாயாகவும் பிறப்பித்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் அலைக்கழித்தது. உன் அணியும் மாவினால் ஆனதே என்றோம்.

அவன் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்ன விடை இது. "பாட்டி, அரசன் கொல்வதாக நினைத்துக்கொண்டு வெட்டினான். நான் எவனும் அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லையே. என் பட்டியலில் இருப்பவன் அடிபட்டால் எனக்குத்தானே நட்டம்? அவன் நலமாக இருக்க வேண்டும் என்று அவனைப் பெற்றவளுக்கு அடுத்தபடி நினைப்பவன் நான்தான்."

இதில் ஓர் உண்மை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வயோமிங், டொலீடோ என்று தொலைக்காட்சி அதிகம் எட்டிப் பாராத பல்கலைக்கழகங்களில் ஆடும் இளைஞர்களின் பெயர், ஊர், படிக்கும் பாடம், எத்தனையாவது ஆண்டு என்பன வெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தன. கவனிப்பாரற்றவரைக் கவனிப்பதும் ஒருவகை அன்பு அன்றோ? ஆனால் உழவனும் தன் எருதின் காலைக் குனிந்து பார்ப்பான். அப்பார்வை எருதைப் பற்றியதா, ஏரைப் பற்றியதா? உழவனாவது எருதுக்குத் தீனி போடுகிறான். இம்மாணவர்களுக்கோ படிப்புச் சலுகைக்கு மேல் நெடுங்காலம் ஒன்றும் கிடைத்ததில்லை. 2021 ஜூலை வரையில் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்க 2025இல்தான் வழி பிறந்தது. அதற்கெல்லாம் நெடுநாள் முன்பே, 2007இல், தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கற்பனை ஆட்ட நிறுவனங்கள் உரிமம் பெறாமலே பயன்படுத்தலாம் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ஒருவன் பெயரால் ஊரார் மகிழலாம், கல்லூரி மாணவன் தன் பெயரால் உண்ணலாகாது என்று பதினான்கு ஆண்டு இருந்தது அந்நிலை.

இவ்வாறு நாம் வாதத்தில் முன்னேறிக்கொண்டிருந்தபோது பேரன் ஒரு கேள்வி கேட்டான். "பாட்டி, நீங்களும் நாற்பது ஆண்டு மார்க் போட்டீர்களே?"

இதற்கு உடனே விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை. மதிப்பெண்ணைப் பற்றியதன்று நம் தயக்கம். அது நினைவூட்டிய வேறொன்றைப் பற்றியது. அந்நாளில் ஆண்டாய்வுக்குக் கல்வி அதிகாரி வருவார். வருவதற்கு முந்தைய நாளே எந்தப் பிள்ளையை எழுப்புவது, எந்தப் பிள்ளையை உட்கார வைப்பது என்று நாம் மனத்தில் பட்டியல் போட்டுவிடுவோம். வாய்ப்பாடு தடையின்றிச் சொல்பவள் முதல் வரிசை. திக்குபவன் கடைசி வரிசைச் சன்னலோரம். ஓராண்டு திக்குவாயுள்ள ஒரு பையன், விடை தெரிந்து, ஆய்வு முடியும் வரை கையைத் தூக்கியபடியே இருந்தான். நாம் அப்பக்கம் திரும்பவில்லை. வகுப்புக்கு 'மிக நன்று' கிடைத்தது. அவன் கையை நாம் கண்டோம் என்பதும், கண்டும் திரும்பவில்லை என்பதும் நமக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். இறக்குவது, உட்கார வைப்பது என்னும் சொற்களைப் பேரன் முதலில் சொன்னபோதே இப்பையன் நம் நினைவில் வந்து நின்றிருக்க வேண்டும். நாம்தான் உள்ளே விடவில்லை. இதனைப் பேரனிடம் சொன்னோம். அவன் பதில் பேசவில்லை. வென்றதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம், நீங்களே ஒருவரைத் தேர்ந்து பாருங்கள் என்றான். மறுத்திருக்க வேண்டும். உள்ளே சென்று பாராமல் குறை கூறுதல் முறையன்று என்று ஒரு சாக்கு அகப்பட்டது, இசைந்துவிட்டோம். சிறிய பல்கலைக்கழகம் ஒன்றில் பந்தை ஏந்தி ஓடும் ஓர் இளைஞனைத் தேர்ந்தோம். எதிரணி மெலிந்தது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தோம். மாணவருக்கு முன்மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுவது போல் அவ்வளவு விரைவில் அச்சூத்திரம் நமக்குப் பிடிபட்டிருந்தது. நம் பிள்ளை முற்பாதியிலேயே இருமுறை எல்லையைத் தொட்டான். மூன்றாம் கால்பகுதியில் அவ்வணி 38 புள்ளி முன்னே நின்றது. பயிற்சியாளர் அவனை வெளியே அழைத்து உட்கார வைத்துவிட்டார். களைத்த உடலுக்கு ஓய்வு தருவதும், வீண் மோதலில் அடிபடாமல் காப்பதும் அவர் நோக்கம்; நல்ல நோக்கமே. நமக்கோ சினம் வந்தது. இன்னும் முப்பது கெஜம் ஓடியிருந்தால் மூன்று புள்ளி என்று மனம் கணக்கிட்டது. அன்றிரவு சாமாயிகத்தில் அமர்ந்து மணி உருட்டும்போது ஒவ்வொரு மணியும் ஒரு கெஜமாக நகர்ந்தது. எழுபது கடந்த வயதில், ஒரே ஒரு நாள் ஆட்டத்தில்.

பணயம் இல்லையே என்று பேரன் சொன்னதற்கு அன்றிரவு விடை தெரிந்தது. நாம் பணயம் வைத்தது அந்த நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகம்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை. பேரனின் பட்டியலில் தலைசிறந்தவன் என்று அவன் கொண்டாடிய ஓட்டக்காரன் களத்தில் இருந்தான். பெயரை இங்கு எழுதவில்லை. அவனுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். இரண்டாம் கால்பகுதியில் பந்தை ஏந்தி இடப்புறம் வளைந்து ஓடியவனை இருவர் இரு பக்கத்திலிருந்தும் மோதினர். காலொன்று தரையில் ஊன்றி நிற்க, உடல் வேறு பக்கம் திரும்பிற்று. அவன் எழவில்லை. அரங்கம் முழுதும் அடங்கியது. எதிரணியார் சிலர் ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்தனர். பேரனின் கை கைபேசிக்குப் போனது. அடிபட்டவனுக்கு மாற்றாக இறங்கப் போகிற இளைஞன் எவர் பட்டியலிலும் இல்லாதவன். அவனை முதலில் கேட்பவர்க்கே முன்னுரிமை. பேரன் கேட்டுப் பதிவு செய்தபோது, நண்பர்களுள் மேலும் இருவர் அதே பெயரைத் தேடிக்கொண்டிருந்தனராம். களத்தில் மருத்துவர் இன்னும் அம்மாணவன் அருகில் குனிந்தே இருந்தார்.

பேரனைக் குறை கூற இதனை எழுதவில்லை. அடுத்து நடந்ததற்காகவே எழுதுகிறோம். சிறிய வண்டி ஒன்று வந்து அப்பிள்ளையை ஏற்றிக்கொண்டபோது, கூடத்தில் ஒரு குரல், "அப்படியானால் இந்த வாரம் நம் கணக்கு என்னாகும்?" என்று கேட்டது. அக்குரல் நம்முடையது. பேரன் திரும்பிப் பார்த்தான். மகள் சமையலறை வாயிலில் நின்று இருவரையும் பார்த்தாள். வண்டியில் இருந்த பையன் முகத்தை ஒரு துணியால் மூடிக்கொண்டான்.

முழங்காலில் பட்ட அடி கண்ணுக்குத் தெரியும். தெரியாத அடியும் உண்டு. தலை மோதலுக்கு உள்ளாகிக்கொண்டே இருப்பவர்க்குப் பிற்காலத்தில் மூளை சிதையும் நோய் ஒன்று வருகிறது, சி.டி.இ. என்று சுருக்கி வழங்குகிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தபின் கொடையாக வந்த கால்பந்து ஆட்டக்காரர்களின் மூளைகள் 202ஐச் சோதித்தனர். கல்லூரி நிலையோடு ஆட்டத்தை நிறுத்தியவர் 53 பேருள் 48 பேருக்கும், தேசியத் தொழில்முறைக் கழகத்தில் ஆடிய 111 பேருள் 110 பேருக்கும் அந்நோய் இருந்தது. நோயின் அறிகுறி கண்டு ஐயுற்ற குடும்பத்தாரே பெரும்பாலும் கொடை அளித்திருப்பர் என்பதனால் ஆடியவர் அனைவர்க்கும் இவ்விகிதம் பொருந்தாது. ஆய்வாளரே அதனைக் கூறியிருக்கின்றனர். ஆயினும் ஐம்பத்து மூவருள் நாற்பத்தெண்மர் என்பது கண்ணை மூடிக்கொண்டு கடக்கத் தக்க எண்ணன்று. கற்பனை அணியின் புள்ளிப் பட்டியலில் இந்த அடிகளுக்குக் கழித்தல் இல்லை. பந்தைப் பறிகொடுத்தால்தான் இரண்டு குறையும்.

கிருதம், காரிதம், அனுமோதனை என்று நம் ஆகமம் மூன்று வழி கூறும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல். மோதியவர் செய்தனர். அரங்கம் கட்டி நடத்துவோர் செய்வித்தனர். பேரனும் நாமும் உடன்பட்டவர் மட்டுமே என்று நம்மை நாமே அடியில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அன்று கூடத்தில் நடந்தது உடன்பாடும் அன்று. அப்பையன் அடிபடுவதில் நமக்கு உடன்பாடு இல்லை, வருத்தமே. வருத்தம் எதைப் பற்றியது என்பதுதான் கேள்வி.

உடன் கொண்டு சென்றிருந்த நூல்களைப் புரட்டினோம். குணவிரதங்களுள் ஒன்றான அனர்த்த தண்ட விரதத்தை நம்மவர் எளிதில் கடந்து போவது வழக்கம். பயனின்றித் தேடிக்கொள்ளும் பாவத்தை விலக்குதல் என்று பொருள். பாபோபதேசம், ஹிம்சாதானம், அபத்யானம், துச்ருதி, பிரமாதசரியை என்று அது ஐவகைப்படும். நீரை வீணே சிந்தாதே, செடியை வீணே கிள்ளாதே என்று பிரமாதசரியையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அபத்யானத்தைச் சொல்லித் தருவதில்லை. நாம் சொல்லித் தந்ததாக நினைவில்லை. தீய நினைவு என்று ஒரு சொல்லில் பொருள் சொல்லி மேலே போய்விடுவோம். ஆனால் பூஜ்யபாத ஆசாரியர் சர்வார்த்தசித்தியில் அதனை விளக்குமிடத்தில், பிறரைக் கொல்லுதல், கட்டுதல், உறுப்பைச் சிதைத்தல் ஆகியவற்றை நினைப்பதோடு, பிறருடைய வெற்றியும் தோல்வியும் எவ்வாறு நிகழும் என்று மனத்தில் எண்ணிக்கொண்டிருத்தலையும் சேர்த்திருக்கிறார். அமிர்தசந்திர ஆசாரியரும் புருஷார்த்த சித்தியுபாயத்தில் வெற்றி தோல்வி நினைவை வேட்டையோடும் போரோடும் ஒரே வரிசையில் வைத்துள்ளார். சூதைப் பற்றி அவர் பேசுவதும் அவ்விரதத்தை ஒட்டியே. ஆக, சூதுக்கும் அபத்யானத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. பணம் கட்டியவன் ஒரு வாயிலால் நுழைகிறான், கட்டாதவன் மறு வாயிலால் நுழைகிறான்.

பிறருடைய ஜய பராஜயம் எவ்வாறு ஆகும் என்று எண்ணிக்கொண்டிருத்தல்! பேரன் புதன்கிழமை தொடங்கிச் செய்வதற்கு இதனினும் செம்மையான பெயர் அவன் நண்பர் எவரும் இட்டிருக்க மாட்டார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நமக்கே எழுந்தது. சீவக சிந்தாமணி படிக்கும்போது சீவகன் வெல்ல வேண்டும், கட்டியங்காரன் தோற்க வேண்டும் என்று நினையாதவர் உண்டா? அதுவும் அபத்யானமா? அவ்வாறாயின் திருத்தக்கதேவர் நம்மை நரகத்துக்கு வழிகாட்டினார் என்றாகும். இதற்கு நாம் கண்ட விடை முழு விடையா என்று அறியோம். கட்டியங்காரன் வீழும்போது எவர் முழங்காலும் முறிவதில்லை. அன்றியும் தேவர் நம்மை அவ்வெற்றியிலேயே நிறுத்திவிடவில்லை. அரசும் இன்பமும் கைகூடிய பின் சீவகனைத் துறவுக்கு அழைத்துச் செல்கிறார், நம்மையும் உடன் அழைத்துச் செல்கிறார். சனிக்கிழமை ஆட்டம் அடுத்த சனிக்கிழமைக்கே அழைத்துச் செல்கிறது. உண்மையான ஆட்டத்தை அரங்கில் அமர்ந்து பார்ப்பவன் நிலை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அவன் தன் ஊர் வெல்ல வேண்டும் என்று நினைக்கிறான். ஆனால் பிள்ளை வீழ்ந்தபோது அவன் வாய் அடங்கியது. ஒரு லட்சம் பேர் அடங்கிய நேரத்தில் நம் கூடத்தில்தான் பேச்சு எழுந்தது. பட்டியல் வைத்திராத மகளுக்கு அப்பேச்சு எழவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கிறோம்.

நம் கூடத்தில் எழுந்தது ஒரு சொல்லோடு போயிற்று. பணம் கட்டியவர் பலர், எதிர்பார்த்த புள்ளி வராதபோது, அம்மாணவருக்கே வசை எழுதி அனுப்புகிறார்களாம். தனித்தனி மாணவர் எத்தனை கெஜம் ஓடுவார் என்று பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுமாறு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியக் கழகத்தின் தலைவரே 2024இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். எவர் அடிபட்டவர், எவர் ஆடக்கூடியவர் என்று ஆட்டத்துக்கு முன் அறிவிக்கும் வழக்கத்தைப் பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகள் இரண்டு, 2023இலும் 2024இலும் மேற்கொண்டன. அடிபட்ட செய்தியை அறியப் பந்தயக்காரர் மாணவரையே துளைத்தெடுப்பதைக் குறைப்பதற்காம். பிள்ளையின் சுளுக்கு, அவன் தாய்க்குத் தெரியுமுன் ஊருக்குத் தெரிய வேண்டிய பொருளாகிவிட்டது.

நவம்பர் கடைசியில் நாம் ஊர் திரும்பினோம். ஆட்டத்தை விட்டுவிடு என்று பேரனிடம் சொல்லவில்லை. சொல்லும் தகுதி அந்த அக்டோபர் மாலையோடு போயிற்று என்று தோன்றியது. அவனும் விடுவதாகச் சொல்லவில்லை. அபத்யானம் என்னும் சொல்லை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரச் சொன்னான், எழுதித் தந்தோம்.

டிசம்பரில் தொலைபேசியில் பேசியபோது பத்துப் பேருள் ஒன்பதாவதாக வந்ததாகச் சொன்னான். அவ்வளவு கீழே போனதற்குக் காரணம் கேட்டோம். முதலில் மழுப்பினான். பின்னர்ச் சொன்னான். முழங்கால் முறிந்த அப்பையனுக்கு அறுவை மருத்துவம் நடந்தது. அவ்வாண்டு மீண்டும் ஆட இயலாது என்று மறுநாளே அறிவித்துவிட்டனர். அத்தகையவனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு வேறொருவனை எடுப்பதே எல்லாரும் செய்வது. அவர்கள் குழுவில் அடிபட்டவர்க்கெனத் தனி இடமும் இல்லை. பேரன் நீக்கவில்லை. மாற்றாக அன்று அவசரமாகப் பதிவு செய்த இளைஞனைத் திருப்பி விட்டுவிட்டு, அடிபட்டவன் பெயரை அவன் இடத்திலேயே கடைசி வாரம் வரை இறக்கி வைத்திருந்தானாம். பெயருக்கு நேரே வாரந்தோறும் சுழியம். நண்பர்கள் மறதி என்று நினைத்து நினைவூட்டினார்களாம்.

ஏன் அப்படி என்று கேட்டோம். எடுக்க மனம் வரவில்லை பாட்டி என்றான். அதனால் அப்பையனின் முழங்காலுக்கு யாதொரு நன்மையும் இல்லை. அவனுக்கு இது தெரியவும் தெரியாது. இது விரதமா, அன்றி ஆட்டத்துக்குள்ளேயே இன்னோர் ஆட்டமா என்று நாம் பலநாள் யோசித்தோம்.

2025 ஆகஸ்டில் பேரனிடமிருந்து சிறு கடிதம் வந்தது. அப்பையன் குணமடைந்து பயிற்சிக்குத் திரும்பிவிட்டான் என்று எழுதியிருந்தான். நண்பர்கள் அவ்வாண்டுப் பட்டியலுக்குக் கூடியாயிற்று என்று அடுத்த வரியில் இருந்தது. அவன் கலந்துகொண்டானா என்று எழுதவில்லை. அந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது, அப்பையனை இம்முறை எவர் எடுத்தார் என்று கேட்க நமக்கு நா வரையில் வந்தது. மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு, தொலைபேசியை மகளிடம் கொடுக்கச் சொன்னோம்.